வாடகை பிரௌசரும் என் கோளாறு நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பக்கங்களை ஆள் இல்லாமல் தானே திறந்து இயக்கும் தானியங்கி பிரௌசர் கருவிகளைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொந்த சர்வரில் ஓட்டுவதா, இணையம் வழியே தன் கணினிகளைத் தரும் கிளவுட் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டுவிட்டு, கீழே ஓர் அட்டவணையும் போட்டிருந்தீர்கள். ஒரு பத்தியில் சர்வர் செலவு, மறு பத்தியில் மாத வாடகை. இரண்டையும் கூட்டிக் கழித்து, சிறிய நிறுவனங்களுக்கு வாடகையே லாபம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். அவர் அதற்குப் போன வழிதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டையும் செய்து, இரண்டிலும் அடிபட்டவள் என்பதால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் முன்பாதியில் கத்தரியுங்கள், பின்பாதியில் கை வைக்காதீர்கள்.

நான் கணினி படித்தவள் அல்ல. தட்டச்சு கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவள். கடல்வழிச் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் 26 ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பிரிவில் தினமும் காலை ஏழு மணிக்குள் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் இருக்கிறது, எப்போது துறைமுகம் சேரும், சேர்ந்துவிட்டதென்றால் இறக்கிவிட்டார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். கன்டெய்னர் இறங்கிய பிறகு அதை எடுத்துப்போக இத்தனை நாள் என்று ஓர் இலவச அவகாசம் உண்டு. அது தாண்டினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் வாடிக்கையாளர் எங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார்.

இந்தத் தகவல் 14 கப்பல் நிறுவனங்களின் இணையதளங்களில் சிதறிக் கிடக்கிறது. முன்பெல்லாம் மூன்று பேர் விடியற்காலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, வந்ததைப் பார்த்து எழுதுவோம். கன்டெய்னர் எண் 11 இடம் கொண்டது. நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வரும் ஒரு சோதனை எண். தூக்கக் கலக்கத்தில் ஓர் எண்ணை மாற்றித் தட்டினால், அப்படியொரு கன்டெய்னரே இல்லை என்று தளம் சொல்லிவிடும். அந்த வேலையைத்தான் இன்று பிரௌசர் தானாகச் செய்கிறது. நாங்கள் எழுதிவைத்த ஸ்கிரிப்ட், அதாவது கட்டளை வரிசை, தளத்தைத் திறக்கும், எண்ணை இடும், பட்டனை அழுத்தும், வந்த தேதியைப் படித்துப் பட்டியலில் போடும். எண்ணை இடுவதற்கு முன் அந்தச் சோதனை எண்ணையும் சரிபார்த்துவிடும். மனிதர்கள் நாங்கள் ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு தம்பி. அவன்தான் கருவிகளின் குலமுறையையும் சொன்னான். 2004-இல் செலினியம் வந்தது. மெர்குரி என்ற பெயரில் ஒரு போட்டி நிறுவனம் இருந்ததாம். பாதரசத்தின் நஞ்சை முறிக்க செலினியம் உதவும் என்பதால் வேடிக்கையாக வைத்த பெயர் அது. 2017-இல் கூகுளின் குரோம் குழு பப்பெட்டியரை வெளியிட்டது. அதில் வேலை செய்தவர்கள் சிலர் மைக்ரோசாஃப்டுக்குப் போய், 2020-இல் பிளேரைட்டைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் பயன்படுத்துவது பிளேரைட். மூன்றுமே திறந்த மூலநிரல் கொண்டவை, உரிமக் கட்டணம் கிடையாது. ஆகவே சொந்தமா வாடகையா என்பது கருவியைப் பற்றிய பேச்சே அல்ல. கருவி இரண்டு பக்கமும் ஒன்றுதான். அது ஆட்டிவைக்கும் பிரௌசர் யார் வீட்டு இயந்திரத்தில் ஓடுகிறது என்பதுதான் பேச்சு. உங்கள் கட்டுரை இந்த இடத்தைக் குழப்பிவிட்டது.

"ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், கிளவுடுக்குப் போய்விடலாம்" என்றும் கட்டுரையில் இருந்தது. அது உண்மை. பிரௌசரைத் திற என்று எழுதியிருக்கும் இடத்தில், இன்ன முகவரியில் இருக்கும் பிரௌசரோடு இணை என்று எழுதினால் தீர்ந்தது. நானே அப்படி மாற்றியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வந்த நான்கு மாதங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் சொந்த இயந்திரத்தின் கதை.

முதலில் எங்கள் பிரௌசர் என் மேசைக்கு அடியில் ஓடியது. கணக்குப் பிரிவு கழித்துக்கட்டிய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, நிரலைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளுக்குள் குரோமை வைத்துத் தம்பி ஓட்டினான். டாக்கரிலும் கன்டெய்னர் என்றுதான் சொல்கிறார்கள். அலுவலகத்தில் யாராவது "கன்டெய்னர் நின்றுவிட்டது" என்று சத்தம் போட்டால், எந்தக் கன்டெய்னர் என்று இரண்டு பேர் எழுந்து நிற்போம்.

பகலில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட் இரவில், பக்கங்கள் அதிகமானதும் செத்துப்போகும். டாக்கர் தன் உள்ளே இருக்கும் நிரல்களுக்குப் பகிர்வு நினைவகமாக இயல்பில் தருவது 64 எம்.பி. மட்டும்; குரோமுக்கு அது வாய்க்கரிசி. அதைக் கூட்டிக் கொடுத்ததும் தீர்ந்தது. பிறகு, மூடப்பட்ட பிரௌசர்களின் மிச்சங்கள் பிணம்போல் கிடந்து இயந்திரத்தை அடைத்தன. டாக்கரை இயக்கும் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் அதுவும் ஒழிந்தது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தமிழில் பி.டி.எஃப். எடுத்தால், எழுத்துக்குப் பதிலாகச் சதுரம் சதுரமாக வந்தது. இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. அந்தச் சதுரங்களுக்கு டோஃபு என்று பெயராம். அவை எங்கும் தலைகாட்டக் கூடாது என்பதற்காகவே கூகுள் தன் எழுத்துரு வரிசைக்கு நோட்டோ என்று பெயர் வைத்ததாகத் தம்பி சொன்னான். நிறுவினோம், தமிழ் வந்தது. இவை எல்லாம் ஒருமுறை பட்டுத் தெளிந்தால் திரும்ப வராதவை. சொந்த இயந்திரம் தொல்லை என்று எழுதுகிறவர்கள் இவற்றைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள். எனக்கு இவை பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப்பட்டது வேறு. குரோமின் புதிய பதிப்பு முன்பு ஆறு வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. 2021-இல் அதை நான்கு வாரமாகக் குறைத்தார்கள். சொந்த இயந்திரம் என்றால் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டியது நாம்தான். புதுப்பிக்காவிட்டால் பாதுகாப்பு ஓட்டை. புதுப்பித்தால் ஏதாவது ஒன்று நிற்கும். குரோமுக்குள் சாண்ட்பாக்ஸ் என்று ஒரு காவல் வேலி இருக்கிறது. அந்நியப் பக்கத்தில் இருக்கும் கெட்ட நிரல் வெளியே பாய்ந்து இயந்திரத்தைத் தொடாமல் அது தடுக்கும். டாக்கரில் குரோம் திறக்க மறுத்தால் அந்த வேலியைக் கழற்றிவிடு என்று இணையத்தில் பாதிப் பேர் சொல்லித்தருகிறார்கள். நாங்களும் கழற்றித்தான் ஓட்டினோம், ஏழு மாதம். தெரிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாடகை நிறுவனத்தில் இந்தக் கவலையை ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு படுகிறார். வாடகையின் முதல் நியாயம் இதுதான் என்பேன். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது நியாயம் ஆள் கணக்கு. தம்பி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்த மாதமே எனக்கு உடம்பு முடியாமல் பத்து நாள் படுத்துவிட்டேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமி என்று நான் எழுதி வைத்திருந்தேன், பழையதை அழி என்று எழுதவில்லை. நான்காம் நாள் வட்டு நிரம்பி எல்லாம் நின்றது. மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது மூன்று பேர் பழையபடி விடியற்காலையில் உட்கார்ந்து எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் வாடகைக்குப் போவது என்று முடிவெடுத்தோம்.

போன முதல் வாரம் சொர்க்கம். நினைவகம், வட்டு, எழுத்துரு எதையும் நினைக்க வேண்டியதில்லை. 14 தளங்களையும் ஒரே நேரத்தில் திறக்கலாம். எது நின்றாலும் அந்த அமர்வின், அதாவது பிரௌசர் திறந்து மூடும்வரை நடந்ததன், பதிவைப் படம்போல ஓட்டிப் பார்க்கலாம்: இதோ பக்கம் திறந்தது, இதோ எண்ணை இட்டது, இதோ பட்டன் மேல் வேறொரு பெட்டி வந்து மறைத்தது. சொந்த இயந்திரத்திலும் பிளேரைட் இப்படித் தடம் பதிவுசெய்யும்தான். ஆனால் அதை நாமே எடுத்து வைத்து, நாமே திறந்து பார்க்க வேண்டும். இங்கே ஒரு பட்டனை அழுத்தினால் முன்னால் வந்து நின்றது.

இரண்டாம் வாரம் மீட்டரைப் பார்த்தேன். வாடகை நேரக் கணக்கில் ஓடுகிறது, ஆட்டோ மீட்டர் மாதிரி, நின்றாலும் ஓடும். ஒரு பட்டன் கிடைக்காவிட்டால் பிளேரைட் இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். மேசைக்கு அடியில் 30 விநாடிக்கு விலை இல்லை, இங்கே உண்டு. அதைவிட மோசம், ஸ்கிரிப்ட் நடுவில் தவறி விழுந்தால் பிரௌசரை மூடும் கடைசி வரியை எட்டுவதே இல்லை. பிரௌசர் அங்கே யாருக்காகவோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, அமர்வுக்கான அதிகபட்ச நேரம் முடியும்வரை. எங்கள் முதல் மாதப் பில்லில் பெரும்பகுதி ஒன்றும் செய்யாமல் நின்ற பிரௌசர்களுக்கானது. தவறு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் மூடிவிட்டுப் போ என்று எழுத வேண்டும். எழுதாதது என் பிழைதான். ஆனால் சொந்த இயந்திரத்தில் அந்தப் பிழை ஏழு மாதமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது.

அடுத்தது தூரம். ஒரு தளத்தில் கன்டெய்னரின் பயண வரலாறு நீண்ட அட்டவணையாக வரும். அதை ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். இருநூறு கட்டம் என்றால் பிரௌசரிடம் இருநூறு கேள்வி. பிரௌசர் காலடியில் இருந்தபோது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பிரௌசர் கண்டம் தாண்டிப் போனதும் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. நொடியில் முடிந்த வேலை நிமிடக் கணக்கில் இழுத்தது, மீட்டரும் கூடவே ஓடியது. அட்டவணை முழுவதையும் பக்கத்துக்குள்ளேயே சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாகக் கொண்டுவா என்று மாற்றி எழுதிய பிறகு சரியானது. ஒரே வரி மாற்றம் என்று சொன்னவர்கள் இதையெல்லாம் எந்த வரியில் சேர்ப்பார்களோ.

இவையும் கையைக் கடித்தன, ஆறிவிட்டன. ஆறாத இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, தேதி. வாடகை இயந்திரத்தின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கப்பல் நிறுவனத்தின் தளம், பார்க்கிறவரின் பிரௌசர் மொழியைப் பார்த்துத் தேதியின் வடிவை மாற்றிக் காட்டும். என் மேசைக்கு அடியில் நாள் முதலில், மாதம் அடுத்து. அங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. என் ஸ்கிரிப்ட் பழைய வழக்கப்படியே படித்தது. நாள் 12-ஐத் தாண்டினால் பதினெட்டாவது மாதம், இருபதாவது மாதம் என்றெல்லாம் வரும், ஸ்கிரிப்ட் தவறு என்று கத்தும், நான் பார்ப்பேன். 12 வரை உள்ள நாட்களில் அது கத்தாது. மே 4 என்பதை ஏப்ரல் 5 என்று எழுதிவிட்டு நல்ல பிள்ளையாக அடுத்த வரிக்குப் போகும்.

மாதக் கடைசி ஆனதால் முதல் சில நாட்கள் கத்தியதை மட்டும் சரிசெய்து கொண்டிருந்தேன். கத்தாததைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு வாடிக்கையாளர் போனில் கேட்டார், "அம்மா, இன்னும் கிளம்பவே கிளம்பாத கப்பல் போன மாதமே வந்துவிட்டதாகப் போட்டிருக்கிறீர்களே, எப்படி?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. பட்டியலை முழுவதும் கையால் சரிபார்த்தபோது ஒன்பது தேதிகள் தலைகீழாக இருந்தன.

இதோடு நேர மண்டலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வர்கள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. எங்களைப்போல் கிரீன்விச்சுக்கு வெகு கிழக்கே இருப்பவர்களுக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு வந்த கப்பல் முந்தைய நாளே வந்ததாகத் தெரியும். மொழி இது, நேர மண்டலம் இது என்று ஸ்கிரிப்டில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டால் பிரௌசர் எங்கே ஓடினாலும் கவலை இல்லை. சொந்த இயந்திரம் என் ஊர்க் கடிகாரத்தில் ஓடியதால் அந்த இரண்டு வரியின் தேவையே எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றுதான் பின்பாதியில் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். 14 தளங்களில் நான்கு லாகின் கேட்பவை. அவற்றில் சரக்கின் ஆவணங்களையே இறக்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அதில் ஒரு தளம் நின்றுவிட்டது என்று அமர்வுப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. நல்லவேளை என்று நினைத்த மறுகணம் அடுத்த பக்கம் திறந்தது. பில் ஆஃப் லேடிங், கப்பல் சரக்கு ரசீது. அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், முகவரி, என்ன சரக்கு, எத்தனை பெட்டி, எடை. அடுத்த பக்கத்தில் இன்வாய்ஸ், சரக்கின் மதிப்போடு. பளிச்சென்று, நிறுத்தி நிறுத்திப் படிக்கும்படியாக. வேறொருவருடைய சர்வரில் இருக்கும் படம் அது. எங்கள் வாடிக்கையாளருக்குப் போட்டியாளராக இருக்கும் ஒருவர் அந்த ஒரு நிமிடப் படத்துக்கு என்னவும் கொடுப்பார்.

வாடகை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பதிவுகள் 30 நாள் இருக்கும், வேண்டாமென்றால் அமர்வைத் தொடங்கும்போது அணைத்துவிடலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை, ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. சரி, பதிவை அணைத்தாலும் குக்கீ இருக்கிறது. ஒரு தளத்தில் ஒருமுறை லாகின் செய்த பிறகு, நீங்கள்தான் நீங்கள் என்று அத்தளம் நம்புவது அந்தக் குக்கீயை வைத்து. பாஸ்வேர்டு தெரியாதவரும் அந்தக் குக்கீ கையில் இருந்தால் உள்ளே போய்விடலாம். தினமும் புதிதாக லாகின் செய்யாமல் இருக்க, அதை வாடகை இயந்திரத்திலேயே சேமித்து வைக்கும் வசதியும் தருகிறார்கள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுபோலத்தான், பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எங்கள் விஷயத்தில் அது எங்கள் வீட்டுச் சாவி அல்ல, வாடிக்கையாளருடைய வீட்டுச் சாவி. அதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று எங்கள் ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றில் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அன்று மாலையே அந்த நான்கு தளங்களையும் மேசைக்கு அடிக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

கட்டுரையாளர் சிறப்பாகப் பாராட்டிய இன்னொரு வசதியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தளங்கள் தடுத்தாலும் வாடகை நிறுவனங்கள் உள்ளே நுழைந்துவிடும் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். தானியங்கிக் கருவியால் ஆட்டப்படும் பிரௌசர் அதைத் தளத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பிரௌசரை நிரலால் ஆட்டுவதற்காக 2018-இல் வெளிவந்த வெப்டிரைவர் என்ற தரத்திலேயே இருக்கிறது. அந்த அடையாளத்தை மறைத்து, வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவையும் தாங்களே தீர்த்துக் கொடுப்பதைச் சில நிறுவனங்கள் தனிச் சேவையாக விற்கின்றன. நான் வாங்கவில்லை. ரோபோட்ஸ் கோப்பு என்று 1994-இலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. தானியங்கிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தளக்காரர் வாசலில் எழுதி வைப்பது. 2022-இல் அதை ஆர்.எஃப்.சி. 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறைப்படி ஆக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று வாசலில் எழுதியிருக்கும் வீட்டுக்குள் மாறுவேடத்தில் போய்த் தேதி பார்த்து வர வேண்டிய அவசியம் எனக்கில்லை.

வாடிக்கையாளராக நேரடியாகக் கேட்டு எழுதினேன். கப்பல் நிறுவனங்கள் சில சேர்ந்து 2019-இல் டிஜிட்டல் கன்டெய்னர் ஷிப்பிங் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, கன்டெய்னர் நகர்வைத் தெரிவிப்பதற்கு ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டிருக்கின்றன. எங்கள் 14-இல் ஐந்து நிறுவனங்கள் ஏ.பி.ஐ. வழியாகவே, அதாவது பக்கத்தைத் திறக்காமல் நிரலுக்கு நிரல் நேராகவே, தகவல் தரத் தயாராக இருந்தன. கேட்டால் கொடுத்திருப்பார்கள், நாங்கள்தான் கேட்கவில்லை. அந்த ஐந்துக்கும் இப்போது பிரௌசரே வேண்டியதில்லை. சொந்தமும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு பத்தியே இல்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. ஸ்கிரிப்ட் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நீள நோட்டில் பதிவேன்: தேதி, தளம், என்ன நின்றது, எதனால் நின்றது, யார் சரிசெய்தது, எத்தனை நேரம் பிடித்தது. சொந்த இயந்திரத்தில் ஏழு மாதமும் வாடகையில் நான்கு மாதமும் சேர்த்து 160 சொச்சம் பதிவுகள். வாடகையைத் தொடரலாமா என்று மேலாளர் கேட்டபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றை வகை பிரித்தேன்.

பாதிக்கு மேற்பட்டவை, தளம் தன் பக்கத்தை மாற்றியதால் நின்றவை. பட்டனின் பெயர் மாறியது, தேடும் பெட்டி இடம் மாறியது, குக்கீக்குச் சம்மதம் கேட்கும் பெட்டி புதிதாக முளைத்தது. அடுத்த பங்கு, நான் தவறாக எழுதியதால். அதற்கடுத்தது லாகின் காலாவதி. பிரௌசர் இருந்த இடத்தால் வந்த கோளாறு என்று நியாயமாகச் சொல்லக்கூடியவை, நினைவகம், வட்டு, எழுத்துரு, மீட்டர், தூரம், தேதி எல்லாம் சேர்த்தும், ஆறில் ஒரு பங்கு தேறவில்லை. உங்கள் கட்டுரை அந்த ஆறில் ஒரு பங்கைத் தீர்ப்பதற்கான வழியை, முழுவதையும் தீர்க்கும் வழிபோலச் சொல்கிறது.

அந்தச் சம்மதப் பெட்டியைப் பற்றி ஒரு பதிவைப் படித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் என்னிடம் இருக்கும் பதிவுகளிலேயே விலை உயர்ந்தது அதுதான். பெட்டி முளைத்துத் தேடும் பட்டனை மறைத்தது. ஸ்கிரிப்ட் 30 விநாடி காத்துப் பார்த்துத் தோற்றது. தோற்றால் நேற்றைய தேதியையே வைத்துக்கொள் என்று நான்தான் எழுதியிருந்தேன், பட்டியலில் வெற்றிடம் இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று. மூன்று நாள் பட்டியல் அழகாக வந்தது. மூன்று நாளும் "மாற்றமில்லை". நான்காம் நாள் துறைமுகத்திலிருந்து தற்செயலாக ஒருவர் பேசியபோதுதான், கப்பல் முன்கூட்டியே வந்து கன்டெய்னர் இறங்கிவிட்டது தெரிந்தது. இலவச அவகாசத்தில் மிச்சமிருந்தது ஒரு நாள். இது நடந்தது மேசைக்கு அடியில். வாடகையில் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், பார்ப்பதற்கு ஒரு படம் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இப்போது தோற்றால் அந்தக் கட்டம் சிவப்பாக, காலியாக வரும். அசிங்கமாகத்தான் இருக்கிறது. காலையில் முதலில் என் கண்ணில் படுவதும் அதுதான்.

எனவே எங்கள் ஏற்பாடு இன்று இப்படி இருக்கிறது. ஐந்து தளங்கள் ஏ.பி.ஐ.க்குப் போய்விட்டன. லாகின் கேட்கும் நான்கும் சொந்த இயந்திரத்தில், சாண்ட்பாக்ஸ் வேலியோடு. பெட்டி இப்போது மேசைக்கு அடியில் இல்லை, மேலே இருக்கிறது, எப்படி நிறுத்தித் தொடங்குவது என்று எழுதிய தாள் அதன் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பக்கங்களான மற்ற ஐந்தும் வாடகையில். நான் விடுப்பில் போனாலும் அந்த ஐந்து ஓடும். மேலாளருக்கு இந்தக் கலப்பு பிடிக்கவில்லை. ஏதாவது ஒன்றாக இருக்கட்டுமே என்கிறார். கணக்கு எழுத எளிது என்பதைத் தவிர அதற்கு அவர் காரணம் சொல்லவில்லை.

வேறொருவருக்கு இந்தப் பங்கீடு முற்றிலும் மாறலாம். தங்கள் சொந்த இணையதளத்தையே நூறு வகை பிரௌசர்களிலும் போன்களிலும் சோதித்துப் பார்க்கிறவர்கள் வாடகைக்குப் போவதுதான் புத்தி, அத்தனை போன்களை யாரால் வாங்கி வைக்க முடியும்? நோயாளிகளின் விவரத்தைத் தொடுகிறவர்கள் மேசைக்கு அடியை விட்டு நகரவே கூடாது என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை நான்கு பக்கத்தைப் பார்க்கிறவருக்கு, அவருடைய மடிக்கணினியே அதிகம்.

கட்டுரையாளர் அடுத்த முறை அட்டவணை போடும்போது, வாடகைத் தொகைக்குப் பக்கத்தில், "ஸ்கிரிப்ட் நின்றால் அது யாருக்கு, எத்தனை மணிக்குத் தெரியும்" என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். அவருக்குத் தேவைப்பட்டால் என் நோட்டின் நகலை அனுப்பிவைக்கிறேன். வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் அடித்து மறைத்துத்தான் அனுப்ப முடியும். கையால் செய்ய வேண்டிய வேலை, ஒரு வாரம் பிடிக்கும்.

இப்படிக்கு,
சரக்கு ஆவணப் பிரிவில் பணிபுரியும் வாசகி